கதிரியக்கம் ஏற்றிய வெள்ளையணு தன் வேலையைச் செய்யுமா?

கேள்வி இதுதான்: "என் அப்பாவுக்கு வயது 68. மூன்று ஆண்டுகளுக்கு முன் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது வீக்கமும் வலியும் இருக்கின்றன. உள்ளே சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, அவருடைய வெள்ளையணுக்களை வெளியே எடுத்துக் கதிரியக்கப் பொருளை ஏற்றி, மறுபடி உடம்பில் செலுத்திப் படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கதிரியக்கம் பட்டால் அந்த அணுக்கள் செத்துவிடாதா? செத்த அணு எப்படிச் சீழைத் தேடிப் போகும்? அவருக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடாதா?"

அணு மருத்துவப் பிரிவின் ஆய்வகத்தில் வெள்ளையணுக்களைப் பிரித்துக் குறியிடும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் இருக்கிறதே, அதுதான் இந்தப் பரிசோதனையின் உயிர்நாடி. செல் நகர வேண்டும், இரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து வெளியேற வேண்டும், சீழ் இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்துப் போய்ச் சேர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் நாங்கள் எடுக்கும் படம் பொய் சொல்லும். அதனால் "குறியிட்ட பின் வெள்ளையணு எப்படி இருக்கிறது" என்ற கேள்வி எங்களுக்குப் புத்தகக் கேள்வி அன்று. ஒவ்வொரு நோயாளிக்கும் காலையில் எழும் கேள்வி.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதற்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். அப்பாவிடமிருந்து எடுக்கப்போவது ஏறத்தாழ 50 மி.லி. இரத்தம். உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர். ஆக நூறில் ஒரு பங்கு. அதில் நமக்கு வேண்டிய நியூட்ரோஃபில் வகை வெள்ளையணுக்கள் சுமார் 20 கோடி இருக்கும். பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் உண்டாக்கி வெளியே அனுப்பும் நியூட்ரோஃபில்கள் ஏறத்தாழ 10,000 கோடி. வகுத்துப் பாருங்கள், நாங்கள் எடுக்கும் 20 கோடியும் மஜ்ஜைக்கு மூன்று நிமிட வேலை. அத்தனையும் வீணாய்ப் போனாலும் உங்கள் அப்பாவின் எதிர்ப்புச் சக்திக்கு ஒரு குறையும் வராது.

இனி அந்தச் செல்லின் கதைக்கு வருவோம். "அணு" என்ற சொல் தமிழில் இரண்டு வேலை செய்வதால் குழப்பம் வராமல் இருக்க, வெள்ளையணுவைச் "செல்" என்றும், செல்லின் நடுவே மரபுப்பொருள் இருக்கும் பகுதியை "உட்கரு" என்றும் எழுதுகிறேன்.

குறியிடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு பொருள்களில் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். ஒன்று இண்டியம்-111, அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 2.8 நாள். மற்றொன்று டெக்னீசியம்-99எம், அரை ஆயுள் 6 மணி நேரம். இந்த உலோகங்கள் தாமாகச் செல்லுக்குள் நுழைய மாட்டா. செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்புப் படலம். கொழுப்பில் கரையும் ஒரு வேதிப்பொருளோடு உலோகத்தைப் பிணைத்தால்தான் அந்தப் படலத்தைக் கடக்கும். இண்டியத்துக்கு அந்தத் துணை ஆக்சின் என்ற பொருள். மூன்று ஆக்சின் மூலக்கூறுகள் ஓர் இண்டியத்தைச் சூழ்ந்து உள்ளே கொண்டுபோய் விடுகின்றன. உள்ளே போனதும் இண்டியம் செல்லின் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது, ஆக்சின் வெளியேறிவிடுகிறது. டெக்னீசியத்துக்குத் துணை எச்.எம்.பி.ஏ.ஓ. என்ற பொருள். மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுக்க உருவாக்கப்பட்டது இது. செல்லுக்குள் போனதும் நீரில் கரையும் வடிவத்துக்கு மாறி, திரும்ப எளிதில் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது.

கதிரியக்கத்தின் அளவையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். இண்டியத்தில் பெரியவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது 18.5 மெகா பெக்கரல் வரை. அதாவது நொடிக்கு 1 கோடியே 85 லட்சம் சிதைவுகள். இதை 20 கோடிச் செல்கள் பங்கிட்டுக்கொண்டால், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 11 நொடிக்கு ஒரு சிதைவு. ஒரு நாளில் ஏழாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு சிதைவிலும் இரண்டு வகையான ஆற்றல் வெளிப்படுகிறது. 171, 245 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிர்கள் செல்லைத் தொடாமலே பெரும்பாலும் வெளியே பாய்ந்து எங்கள் கேமராவுக்கு வந்துவிடும். படம் தருவது அவைதாம். கூடவே ஓஜே எலெக்ட்ரான்கள் என்று சில புறப்படும். இவற்றின் ஆற்றல் மிகக் குறைவு, ஒரு செல்லின் அகலத்தைக்கூடத் தாண்டாமல் உள்ளேயே தம் ஆற்றல் முழுவதையும் இறக்கிவிடும். கேமராவுக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. செல்லுக்குக் கிடைக்கும் அடி முக்கியமாக இவற்றால்தான்.

அந்த அடி எவ்வளவு? செல்லின் எடை ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சிறிய பொருளுக்குள் அந்த ஆற்றலைப் பங்கிட்டால், ஒரு நாளில் ஒரு செல் வாங்கும் கதிர்வீச்சு 15 முதல் 20 கிரே வரை வருகிறது. கிரே என்பது உடலோ செல்லோ உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. உடம்பு முழுவதும் 4 கிரே அளவு ஒரே நேரத்தில் பட்டால், சிகிச்சை கிடைக்காத நிலையில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். அதனால் உங்கள் பயம் அர்த்தமில்லாத பயம் அன்று. அந்தச் செல்லின் அளவில் நின்று பார்த்தால் அது பெரும் அடிதான்.

அப்படியிருந்தும் நியூட்ரோஃபில் நடந்து போய்ச் சீழைச் சேர்கிறது. காரணம், கதிர்வீச்சு முதலில் கெடுப்பது உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ.வை. டி.என்.ஏ. கெட்டால் செல்லால் பிரிய முடியாது, புதிய புரதங்களை ஒழுங்காகச் செய்ய முடியாது. ஆனால் நியூட்ரோஃபில் மஜ்ஜையை விட்டுப் புறப்படும்போதே பிரியும் வேலையை முடித்துவிட்ட செல். அதன் உட்கரு இரண்டு முதல் ஐந்து மடல்களாகச் சுருங்கிக் கிடக்கிறது. கிருமியைக் கொல்ல வேண்டிய நொதிகளெல்லாம் மஜ்ஜையிலேயே செய்து, சிறு பொட்டலங்களாகக் கட்டி, செல்லுக்குள் நிரப்பப்பட்டுவிட்டன. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வழிநடைக்குக் கிளம்பியவனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு அடுப்பு அணைந்துபோனாலும் அவன் பயணம் அன்றைக்கு நிற்பதில்லை. இரத்தத்தில் அதன் அரை ஆயுளே 6 முதல் 7 மணி நேரம். கதிர்வீச்சின் சேதம் வெளியே தெரியவரும் முன் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இதற்கு அணு மருத்துவத்துக்கு வெளியே ஒரு சாட்சி உண்டு. இரத்த வங்கிகளில், எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்கு ஏற்றும் இரத்தத்தை 25 கிரே கதிர்வீச்சுக்கு உட்படுத்துகிறார்கள். கொடையாளியின் லிம்போசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் நோயாளியின் உடம்பில் பெருகி அவரையே தாக்கிவிடக் கூடாது என்பதற்காக. நியூட்ரோஃபில் குறைந்து தொற்றில் தவிக்கும் நோயாளிக்குக் கொடையாளியின் நியூட்ரோஃபில்களையே ஏற்றும் சிகிச்சையிலும் இதே கதிர்வீச்சு கொடுத்த பிறகுதான் ஏற்றுகிறார்கள். அந்த அளவில் லிம்போசைட் முடங்கிவிடும், நியூட்ரோஃபில் கிருமியோடு சண்டை போடும் என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சிகிச்சையே நடக்கிறது.

அப்படியானால் லிம்போசைட்? நாங்கள் பிரித்தெடுக்கும் கலவையில் அதுவும் கலந்தே வருகிறது. அதன் கதை முற்றிலும் வேறு. நியூட்ரோஃபில் கட்டுச்சோறு என்றால் லிம்போசைட் விதைநெல். தனக்குரிய கிருமியைச் சந்திக்கும்போது பிரிந்து பிரிந்து பெரும் படையாகப் பெருகுவதுதான் அதன் பணி. சில லிம்போசைட்டுகள் ஆண்டுக்கணக்கில் உடம்பில் காத்திருக்கும். டி.என்.ஏ. உடைந்தால் விதை முளைக்காது. போதாக்குறைக்கு, ஓய்வில் இருக்கும்போதே கதிர்வீச்சு பட்டால் செத்துப்போகும் வழக்கமும் அதற்கு உண்டு. அடிக்கடி பிரியும் செல்களே கதிர்வீச்சுக்கு அதிகம் பலியாகும் என்று பிரான்சைச் சேர்ந்த பெர்கோனியே, திரிபோந்தோ இருவரும் 1906-ல் ஒரு விதி வகுத்தார்கள். அந்த விதிக்கு விலக்காகப் பாடப்புத்தகங்கள் காட்டும் முதல் செல் லிம்போசைட்தான். கதிர்வீச்சு விபத்தில் சிக்கியவருக்கு முதல் இரண்டு நாள்களில் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப லிம்போசைட் எண்ணிக்கை பார்ப்பதும் இதனால்தான். அது இறங்கும் வேகமே உடம்பு வாங்கிய அடியைச் சொல்லிவிடும்.

இண்டியம் ஏற்றிய லிம்போசைட்டுகளைச் சோதித்த முக்கியமான ஆய்வு ஒன்று நெதர்லாந்திலிருந்து 1983-ல் வெளியானது. அதன் ஆசிரியர்களில் ஒருவர் ஏ.டி. நடராஜன், இந்தியாவிலிருந்து போய் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, கதிர்வீச்சால் குரோமோசோம்கள் உடைவதைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்றவர். குறியிட்ட லிம்போசைட்டுகளின் பெருகும் திறன் கெடுகிறது, குரோமோசோம்கள் உடைந்து தாறுமாறாக ஒட்டிக்கொள்கின்றன என்று அந்த ஆய்வு காட்டியது. அதோடு, லிம்போசைட்டுகளைத் தனியே குறியிட்டு நிணநீர்க் கணுக்களைப் படமெடுக்கலாம் என்ற ஆசையின் மீது பெரிய எச்சரிக்கைப் பலகை விழுந்தது.

இங்கே ஒரு நியாயமான கவலை எழும். குரோமோசோம் உடைந்த லிம்போசைட்டை உடம்புக்குள் திருப்பி விடுகிறோமே, அது பிற்காலத்தில் புற்றாக மாறாதா? இந்தக் கேள்வியை அந்தக் காலத்திலேயே எழுப்பினார்கள், விவாதித்தார்கள். விவாதம் போய் நின்ற இடம் இது: புற்றாக மாற வேண்டுமென்றால் செல் உயிரோடு இருந்து பிரிய வேண்டும். ஒரு செல்லுக்கு இத்தனை கிரே என்ற அளவில் அடி விழும்போது லிம்போசைட் பிழைத்துப் பிரிவதில்லை, செத்துவிடுகிறது. அதிக அடியைவிட அரைகுறை அடிதான் ஆபத்து என்பது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் கதிர்வீச்சு உயிரியலில் இது பழகிய நியாயம். ஆனாலும் வேண்டாத செல்லுக்கு வேண்டாத அடி எதற்கு என்பது என் எண்ணம். வசதியுள்ள ஆய்வகங்கள் நியூட்ரோஃபிலை மட்டும் பிரித்துக் குறியிடுவதுண்டு. அதில் கையாளும் படிகள் கூடும், செல்லுக்கு வேறு வகையில் தொல்லை கூடும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்ற இழுபறி அங்கே இருக்கிறது.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வந்துவிட்டேன். நியூட்ரோஃபிலைப் பொறுத்தவரை, அதைக் கெடுப்பது பெரும்பாலும் கதிரியக்கம் அன்று. எங்கள் கைதான்.

எப்படி என்று சொல்கிறேன். இரத்தத்தை மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்தால் செல்கள் உரசிக் காயப்படும். அதனால் துளை பெரிய ஊசி போட்டு, உறையாமை மருந்து கலந்த பீச்சாங்குழலுக்குள் மெதுவாக இழுக்கிறோம். அதில் ஸ்டார்ச் கரைசல் கலந்து, பீச்சாங்குழலைத் தாங்கியில் சற்றே சாய்த்து நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறோம். சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கீழே இறங்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில், கீழே அடர்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் கலங்கிய நீர். அந்தக் கலங்கலில்தான் வெள்ளையணுக்கள் மிதக்கின்றன. உடம்பில் தொற்று உள்ளவர்களுக்கு சிவப்பணுக்கள் வேகமாக இறங்கும். இ.எஸ்.ஆர். பரிசோதனையில் பார்ப்பதும் இதே இறக்கத்தைத்தான். இருபது நிமிடத்திலேயே மேல்பகுதி தெளிந்துவிட்டால், "இவருக்கு எங்கோ ஏதோ இருக்கிறது" என்று படம் எடுக்கும் முன்பே மனத்துக்குள் ஒரு மணி அடிக்கும்.

அந்தக் கலங்கலைத் தனியே எடுத்து, புவியீர்ப்பைப்போல் 150 மடங்கு விசையில் ஐந்து நிமிடம் சுழற்றினால், குழாயின் அடியில் செல்கள் சட்டைப் பொத்தான் அளவுக்குப் படியும். இந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் காரியத்தைக் கெடுப்பார்கள். வேகத்தைக் கூட்டிச் சுழற்றினால் செல்கள் ஒன்றோடொன்று இறுகி, மறுபடி கலைக்கும்போது கொத்துக் கொத்தாக வரும். படிந்ததைக் கலைக்கக் குலுக்கக் கூடாது, குழாயின் அடியை விரலால் மெல்லத் தட்டித் தட்டியே கலைக்க வேண்டும். பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல எடு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். மீதமுள்ள சிவப்பணுக்களை நீர்த்த கரைசல் விட்டு வெடிக்கச் செய்யும் குறுக்குவழி ஒன்றும் உண்டு. அது வெள்ளையணுவின் தோலையும் பதம் பார்க்கும் என்பதால் நான் ஒருபோதும் செய்ததில்லை.

இத்தனை சுழற்றலுக்கும் உரசலுக்கும் நடுவே செல் சாகாமல் இருக்கலாம், ஆனால் விழித்துக்கொள்ளும். நியூட்ரோஃபில் என்பது எதிரியைக் கண்டால் உடனே சிலிர்த்துக்கொள்ளும் செல். பிளாஸ்டிக் சுவரும் சுழற்றியும் அதற்கு எதிரிபோலத் தோன்றும். சிலிர்த்த செல்லின் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்கள் பெருகும், இரத்தக் குழாயின் சுவரில் உருண்டு போக உதவும் எல்-செலெக்டின் என்ற புரதம் உதிர்ந்துவிடும். உடல் விறைத்துப்போய் நெகிழ்வு குறையும். அப்படிப்பட்ட செல்லை இரத்த நாளத்தில் செலுத்தினால், நுரையீரலின் மயிரிழைக் குழாய்களிலேயே சிக்கி நின்றுவிடும்.

கதிரியக்கப் பொருளைச் சுமந்துவரும் வேதிப்பொருளும் ஒரு குற்றவாளியாகலாம். ஆக்சின் அளவு கூடினால் செல்லுக்கு நஞ்சு. முதலில் மந்தமாவது செல்லின் நடைதான். தொடக்க ஆண்டுகளில் ஆக்சினை எத்தனாலில் கரைத்துப் பயன்படுத்தினார்கள், எத்தனாலும் தன் பங்குக்குக் கெடுத்தது. பிற்பாடு வந்த நீர்க் கரைசலில் ஒரு மி.லி.க்கு 50 மைக்ரோ கிராம் ஆக்சின்தான். இண்டியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இண்டியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் குறியிடும் அந்தக் கால் மணி நேரம் செல்களைப் பிளாஸ்மா இல்லாமல் உப்புநீரில் வைக்க வேண்டியிருக்கிறது. மீனைத் தரையில் போட்டதுபோல. டிரோப்போலோன் என்ற மாற்றுப்பொருளின் சிறப்பே, பிளாஸ்மாவுக்குள்ளேயே குறியிடவிடுவதுதான். எச்.எம்.பி.ஏ.ஓ.வும் இந்த வகையில் இணக்கமானது.

இதையெல்லாம் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. வெள்ளையணுவின் நடையை அளக்க வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பணியாற்றிய ஸ்டீஃபன் பாய்டன் 1962-ல் ஒரு சிறு கருவியை வெளியிட்டார். இரண்டு அறைகள், நடுவே மிக நுண்ணிய துளைகள் கொண்ட சல்லடை. மேல் அறையில் வெள்ளையணுக்கள், கீழ் அறையில் கிருமி வாடை வீசும் ஒரு வேதிப்பொருள். செல் அந்த வாடையைப் பிடித்து, தன் உடலைவிடச் சிறிய துளைக்குள் பிதுங்கி நுழைந்து கீழே போக வேண்டும். எத்தனை செல் எவ்வளவு தூரம் போனது என்று எண்ணினால் குறியிடலுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுவிடலாம். கிருமியை விழுங்குகிறதா, விழுங்கியதைக் கொல்கிறதா, ஆக்சிஜனைப் பாய்ச்சி எரிக்கிறதா என்பதற்கும் தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன. இவற்றில் முதலில் தள்ளாடுவது நடைதான். விழுங்குவதும் கொல்வதும் அவ்வளவு எளிதில் விழுவதில்லை. சரியான அளவில், சரியான கையில் குறியிட்ட நியூட்ரோஃபில் இந்தத் தேர்வுகளில் தேறிவிடுகிறது. ஆனால் நேரம் கடத்தினால் தேறாது. வெளியே வைத்திருக்க வைத்திருக்க நடை தளர்ந்துகொண்டே போகும். இண்டியம் ஆக்சின் பெட்டிக்குள் வரும் குறிப்புத் தாளே, இரத்தம் எடுத்ததிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் திருப்பிச் செலுத்திவிடு என்கிறது. குறியிட்டு முடித்து ஒரு மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட கண்டிப்பு.

அன்றாட வேலையில் பாய்டன் அறையெல்லாம் வைத்துப் பார்க்க முடியாது. ஒரு துளியை எடுத்து டிரிப்பான் நீலம் கலந்து நுண்ணோக்கியில் பார்க்கிறோம். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை உள்ளே விடாது, மணிபோல் பளிச்சென்று நிற்கும். செத்த செல் நீலமாகக் கிடக்கும். இது சாவைக் காட்டுமே தவிர நோயைக் காட்டாது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு செல்கள் பளிச்சென்று இருந்தும் அவற்றால் நடக்க முடியாமல் போகலாம்.

உண்மையான தேர்வு உடம்புக்குள் நடக்கிறது. செலுத்திய உடனே செல்கள் முதலில் நுரையீரலைக் கடக்கின்றன. சில நிமிடங்களில் நுரையீரல் மங்கி மண்ணீரல் ஒளிர வேண்டும், அதற்குக் குறைவாகக் கல்லீரல் தெரிய வேண்டும். நுரையீரல் மங்காமல் நின்றால் செல்கள் சிலிர்த்துவிட்டன என்று பொருள். கல்லீரல் மண்ணீரலை மிஞ்சினால் செல்கள் சேதமாகிவிட்டன. கல்லீரலே நம் உடம்பின் காயலான் கடை, பழுதான செல்கள் அங்கே போய்ச் சேரும்.

ஒரு நாள் என் கையால் குறியிட்ட செல்கள் அப்படி நுரையீரலிலேயே நின்றுவிட்டன. சுழற்றியின் வேக அளவுகோலை முந்தைய நாள் வேறொரு வேலைக்காக யாரோ மாற்றியிருந்தார்கள், நான் பார்க்கத் தவறிவிட்டேன். சுழற்றி எடுத்தபோது பொத்தான் வழக்கத்தைவிட இறுகி இருந்ததை என் விரல் உணர்ந்தது. உணர்ந்தும் மேலே போய்விட்டேன். திரையில் இரண்டு நுரையீரல்களும் விளக்குப்போல எரிந்துகொண்டிருந்தன, ஒரு மணி நேரம் கழித்தும் எரிந்தன. அந்த முதியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, படம் பயன்படாது, இன்னொரு நாள் மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவருக்குக் கெடுதல் ஒன்றும் நேரவில்லை, ஆனால் வீணாக ஒருமுறை கதிர்வீச்சு வாங்கினார். அந்தச் செல்களில் இருந்த கதிரியக்கம் மற்ற நாள்களில் ஏற்றிய அளவுதான். கெடுத்தது சுழற்றியும் என் கவனக்குறைவும்.

இந்த முறை எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல ஆசை. வெள்ளையணுக்களுக்குக் கதிரியக்க அடையாளம் வைக்கும் வேலையை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் யூட்டாவில் ஏதென்ஸ், கார்ட்ரைட், வின்ட்ரோப் முதலியோர் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொண்டு செய்தார்கள். நியூட்ரோஃபிலின் அரை ஆயுள் 6, 7 மணி நேரம் என்று நமக்குத் தெரிந்ததே அங்கிருந்துதான். ஆனால் பாஸ்பரஸின் கதிர் உடம்புக்கு வெளியே வராது, படம் எடுக்க உதவாது. பிறகு மெக்கஃபி, தாக்கூர் இருவரும் எத்தனையோ பொருள்களைச் சோதித்து இண்டியம் ஆக்சினைத் தேர்ந்தெடுத்து 1976-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் சீகல், தாக்கூர் குழுவினர் நோயாளிகளின் சீழ்க்கட்டிகளை இந்த முறையில் கண்டுபிடித்துக் காட்டினார்கள். பத்தாண்டு கழித்து, 1986-ல், அதே ஹாமர்ஸ்மித்தில் பீட்டர்ஸ் குழுவினர் டெக்னீசியம் எச்.எம்.பி.ஏ.ஓ.வைக் கொண்டுவந்தார்கள். டெக்னீசியத்தை அங்கேயே எடுத்துத் தரும் ஜெனரேட்டர் என்ற கருவி பெரும்பாலான அணு மருத்துவப் பிரிவுகளில் இருப்பதால் இன்று அதிகம் நடப்பது அதுதான். அதன் குறை, பொருள் செல்லிலிருந்து மெல்லக் கசிந்து குடலுக்குள் வரும் என்பது. குடல் நோய் தேடும்போது ஒரு மணி நேரத்துக்குள் படம் எடுத்துவிட வேண்டும். முழங்காலுக்கு அது தொல்லையில்லை.

இப்போது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மாற்றியமைத்த டி-செல்கள் உடம்பில் எங்கே போகின்றன என்று பார்க்க, சிர்கோனியம்-89 ஆக்சின் என்ற பொருளால் குறியிடும் ஆராய்ச்சி நடக்கிறது. டி-செல்லும் லிம்போசைட்தானே. அங்கே நியூட்ரோஃபிலுக்கு ஏற்றும் தாராளம் செல்லாது. பெருக வேண்டிய செல்லைப் பெருகாமல் அடித்துவிட்டுப் படம் எடுத்து என்ன பயன்? ஆகவே செல் ஒன்றுக்கு ஏற்றும் அளவை மிகக் குறைத்து, பெருகும் திறனைச் சோதித்துக்கொண்டே போகிறார்கள். 1983-ல் விழுந்த அந்த எச்சரிக்கைப் பலகை இன்னும் அங்கேதான் நிற்கிறது.

உங்கள் அப்பாவின் விஷயத்துக்குத் திரும்புகிறேன். அவர் உடம்புக்கு மொத்தமாகக் கிடைக்கும் கதிர்வீச்சு, டெக்னீசியம் 370 மெகா பெக்கரல் என்றால் சுமார் 4 மில்லி சீவெர்ட் (உடம்பு முழுவதற்கும் ஆகும் பாதிப்பைச் சொல்லும் அலகு), இண்டியம் 18.5 என்றால் 7-க்குச் சற்றுக் குறைவு. ஒரு வயிற்று சி.டி. ஸ்கேனோடு ஒப்பிடத்தக்க அளவு. இண்டியத்தில் மண்ணீரலுக்கு மட்டும் சற்று அதிகமாக, 100 மில்லி கிரே அளவில் சேரும். இளம் வயதினருக்கும் குழந்தைகளுக்கும் டெக்னீசியத்தை விரும்புவதற்கு அது ஒரு காரணம். 68 வயதில் அது கவலைப்படும் அளவன்று.

செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு மஜ்ஜை இடம் மாறிக் கிடக்கும். நல்ல வெள்ளையணு மஜ்ஜைக்கும் போகும் என்பதால், படத்தில் ஒளிர்வதெல்லாம் சீழ் ஆகிவிடாது. அதனால் மறுநாள் ஒரு படமும் எடுப்பார்கள். சீழ் என்றால் நேரம் ஆக ஆக ஒளி கூடும். சில இடங்களில் மஜ்ஜைக்குத் தனியாக ஒரு ஸ்கேன் எடுத்து ஒப்பிடுவார்கள். மறுநாளும் வரச் சொன்னால் அலைக்கழிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு நியூட்ரோஃபிலின் நடையைத் தளர்த்தும். சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் ஏறியிருந்தாலும் அப்படியே. அன்றைய தினம் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் படம் தெளிவாக வரும். வெள்ளையணு எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் குறியிடப் போதிய செல் கிடைக்காது என்பதால் அந்த இரத்தப் பரிசோதனை முடிவையும் கையில் வைத்திருங்கள்.

கடைசியாக, நான் உண்மையிலேயே அஞ்சும் ஒன்று. கதிரியக்கத்தைவிடப் பெரிய ஆபத்து ஆள் மாறிப்போவது. ஒருவரின் இரத்தம் இரண்டு மூன்று மணி நேரம் வேறு அறையில் இருந்துவிட்டுத் திரும்ப வருகிறது. அணு மருத்துவப் பரிசோதனைகளில் இப்படிப் பீச்சாங்குழல் மாறி, எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் மற்றவருக்குச் செலுத்தப்பட்ட நிகழ்வுகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1992-ல் வெளியிட்டது. நல்ல ஆய்வகம் ஒரே நேரத்தில் இரண்டு நோயாளிகளின் செல்களை ஒரே மேசையில் வைக்காது. இரத்தம் எடுக்கும்போதும் திருப்பிச் செலுத்தும்போதும் பெயரும் பிறந்த தேதியும் கேட்பார்கள். கேட்காமல் ஊசியோடு வந்தால், அப்பாவின் பக்கத்தில் நிற்கும் நீங்களே பீச்சாங்குழலில் ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பெயரைப் படித்துப் பார்த்த பிறகு கையை நீட்டச் சொல்லுங்கள்.